சுவர் எங்கள் இலாகா அல்ல

சுமத்ராவில் நிலம் நடுங்கியது. கடல் தாண்டி மலேசியாவில், கிளார்மண்ட் தோட்டத்தில், அர்ஜுனனின் மனைவி குமுதாவின் அலமாரியில் ஒரு தட்டு நகர்ந்தது. விழவில்லை, நகர்ந்தது. அரசாங்கம் அதற்காக ஒரு வாரியம் அமைத்தது.

தள விறைப்பு வாரியம் என்று பெயர். மர வீடுகளின் தளமும் கூரையும் விறைப்பானவையா, வளைபவையா என்று வகை பிரிப்பது அதன் வேலை. விறைப்பு என்றால் குடியிருக்கலாம். வளையும் என்றால் காலி செய்ய வேண்டும்.

அர்ஜுனனால் காலி செய்ய முடியாது. அவனுடையது தோட்டக் கணக்கர் இருந்த பழைய கிராணி வீடு. முழுக்க மரம். கீழே பலகைச் சுவர், அதன்மேல் பலகைத் தளம், மேலே இரண்டு அறை, தகரக் கூரை. தோட்டம் கைமாறியபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். அர்ஜுனனின் அப்பா போகவில்லை. வழக்குப் போட்டார். வழக்கு முடிவதற்குள் அவர் முடிந்துபோனார். தீர்ப்பு மகன் கைக்கு வந்தது. குடியிருக்கும்வரை வீடும் அது நிற்கும் மண்ணும் அவனுக்கு. குடியிருப்பது நின்றால் அன்றைக்கே தோட்டத்தை வாங்கிய கம்பெனிக்கு. கம்பெனி அன்றிலிருந்து காத்திருக்கிறது. வாசலுக்கு எதிரே ஒரு காவலாளியை மோட்டார் சைக்கிளோடு நிறுத்தியும் வைத்திருக்கிறது.

வாரியத்தின் ஆள் வரப்போவதாகத் தகவல் வந்தது.

வீட்டுக்குப் பெரிய மனிதர் வந்தால் கூட்டிப் பெருக்குவோம். சாயம் அடிப்போம். அர்ஜுனன் அதற்கும் ஒரு படி மேலே போனான். குமுதாவின் தம்பி லோகேஸ்வரன் ரவாங்கில் தொழிற்சாலை வேலை, குடியிருப்பது புக்கிட் செந்தோசாவில். அவன் ஒரு சின்ன லோரி நிறைய பிளைவுட்டும் இரும்பும் கொண்டுவந்தான். இருவரும் கீழ்ச்சுவர் முழுக்க உள்பக்கமாகப் பிளைவுட் அடித்தார்கள். மூலைக்கு மூலை இரும்பு முட்டுக் கொடுத்தார்கள். தூண்களின் காலில் சிமெண்டு ஊற்றினார்கள்.

"மச்சான், இனி யானை வந்து முட்டினாலும் அசையாது லா," என்றான் லோகேஸ்வரன்.

யானை வரவில்லை. சுகுமாரன் வந்தார்.

சுகுமாரன் வாரியத்தின் மதிப்பீட்டு அதிகாரி. கழுத்துப்பட்டை கட்டியிருந்தார். காரை ஓட்டி வரும்போதே தலைக்கவசம் போட்டிருந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இது யார் செஞ்சது?"

"நாங்கதான் சார்," என்றான் அர்ஜுனன். நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"அடடா," என்றார் சுகுமாரன், துக்க வீட்டில் சொல்வதுபோல.

சோதனை எளிது. வீட்டின் பக்கவாட்டில் கம்பி கட்டி, வாரியத்தின் லோரி மெல்ல இழுக்கும். காற்றும் நில நடுக்கமும் அப்படித்தான் இழுக்குமாம். தளம் எவ்வளவு வளைகிறது, சுவர் எவ்வளவு சாய்கிறது என்று முள் வைத்த கருவிகள் காட்டும். லோரி இழுத்தபோது குமுதா வெளியே நின்றாள். அர்ஜுனன் மேலே, சாமி படம் விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எப்படி சார் வீடு?" என்று மேலிருந்து கேட்டான்.

"சுவர் ரொம்ப நல்லா இருக்கு."

"சந்தோசம் சார்."

"அதுதான் பிரச்சினை."

சுகுமாரன் பொறுமையாக விளக்கினார். அவருக்கு விளக்குவது பிடிக்கும்.

"ஒரு தளம் விறைப்பா, வளைவான்னு தனியா யாராலயும் சொல்ல முடியாது. கீழ இருக்கிற சுவரோட ஒப்பிட்டுத்தான் சொல்லணும். தளத்தோட நடு, சுவர் சாயறதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல வளைஞ்சா அது வளையும் தளம். உங்க தளம் கொஞ்சம்தான் வளைஞ்சது. ஆனா உங்க சுவர் சாயவே மாட்டேங்குது. அதனால தளம் ஃபெயில்."

"சுவர் சாயலைன்னா நல்லதுதானே சார்?"

"சுவருக்கு நல்லது. நாங்க சுவரைப் பார்க்க வரல."

"முட்டுக் கொடுக்காம இருந்திருந்தா?"

"பாஸ் ஆயிருந்தாலும் ஆயிருக்கும்."

அர்ஜுனன் லோகேஸ்வரனைப் பார்த்தான். லோகேஸ்வரன் செம்பனை மரங்களைப் பார்த்தான்.

"அப்ப தளத்து மேலயும் பிளைவுட் அடிச்சிடறேன் சார். விறைப்பாயிடும்."

"அடிக்கலாம். ஆனா அது வேற தளம் ஆயிடும். வேற தளம்னா புது விண்ணப்பம். வரிசை இப்ப கலும்பாங் வரைக்கும் நிக்குது. அதுவரைக்கும் வீடு காலியா இருக்கணும்."

"ரெண்டுங்கெட்டானா நடுவுல ஒண்ணு இல்லையா சார்?" என்றாள் குமுதா.

"இருக்கும்மா. அரை விறைப்பு. உண்மையைச் சொன்னா மரத்தளம் பூராவும் அதுதான். ஆனா அதுக்குக் கம்ப்யூட்டர்ல கணக்குப் போடணும். கம்ப்யூட்டர் ஷா ஆலாம்ல இருக்கு. பாஸ்வேர்ட் தெரிஞ்சவர் பென்ஷன் வாங்கிட்டுப் போயிட்டார்."

"அப்ப சுவரைத் தொடலாமா?" என்றான் அர்ஜுனன்.

சுகுமாரன் முகம் மலர்ந்தது. "சுவர் எங்க இலாகா இல்ல. என்ன வேணும்னாலும் பண்ணிக்குங்க."

அர்ஜுனன் சாமி படத்தை ஆணியில் மாட்டினான். படியை நோக்கி நடந்தான்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"கீழ வரேன் சார். முட்டெல்லாம் கழட்டணுமே."

"நீங்க வரக் கூடாது. சோதனை நடந்தப்ப மேல இருந்தீங்க. நீங்க இப்ப சுமை."

"நான் வீட்டுக்காரன் சார்."

"அது கீழ. மேல நீங்க சுமை. உயிர்ச்சுமைன்னு எங்க சாஸ்திரத்துலயே இருக்கு. மறுசோதனை முடியறவரைக்கும் அதே சுமை அதே இடத்துல இருக்கணும். இறங்கினா சோதனை ரத்து. ரத்துன்னா வகை இல்லாத வீடு. வகை இல்லாத வீடுன்னா..."

எதிரே காவலாளி மோட்டார் சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"இருக்கேன் சார்," என்றான் அர்ஜுனன்.

இப்படித்தான் அவன் தன் வீட்டிலேயே மாட்டிக்கொண்டான்.

குமுதா முதலில் கேட்டது சாப்பாட்டைப் பற்றி. சாப்பிடலாம் என்றார் சுகுமாரன். வாரியத்துக்கும் மனிதாபிமானம் உண்டு. ஆனால் மேலே ஏறும் எடைக்குச் சமமான எடை கீழே இறங்க வேண்டும். அவரே கயிறும் வாளியும் தராசும் கொண்டுவந்தார். சோறும் சாம்பாரும் ஏறின. இஸ்திரிப் பெட்டி இறங்கியது. தோசை ஏறியது. காலில் போடும் சப்பாத்து ஒரு ஜோடி இறங்கியது. மேசை விசிறி, கடிகாரம், தலையணை, குமுதாவின் கல்யாணச் சேலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வாளியில் வந்தன. தினமும் இன்னொரு வாளியும் இறங்கியது. சுகுமாரன் அதையும் எடை போட்டார். முகம் சுளிக்கவில்லை. ஆனால் அதைச் சாப்பாட்டுக்கு ஈடாக ஏற்க விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்.

"ஏங்க, இன்னிக்கு மீன் கறி. என்ன இறக்கப் போறீங்க?"

"உன் தையல் மிஷினோட தலைய இறக்கட்டுமா?"

"ஐயோ, அதுக்கு நான் ஆட்டையே ஆக்கி அனுப்பணும். பாதி சோறு போதும் உங்களுக்கு. சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க."

செகிஞ்சான் அரிசி ஆலையிலிருந்து முதலாளி தவுக்கே போன் செய்தார். அர்ஜுனன் அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்டார். வர முடியாது, அரசாங்கம் என்னைச் சுமையாக வைத்திருக்கிறது என்றான். அது எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும் என்று சொல்லித் தவுக்கே போனை வைத்தார்.

லோகேஸ்வரன் பிளைவுட்டை உரித்தான். இரும்பு முட்டுகளைக் கழற்றினான். சிமெண்டைக் கொத்தினான். லோரி இழுத்தது. சுவர் கொஞ்சம் சாய்ந்தது.

"முன்னேற்றம்," என்றார் சுகுமாரன். "ஆனா போதாது."

சுவரில் ஓர் ஆணி விட்டு ஓர் ஆணி பிடுங்கினார்கள். லோரி இழுத்தது. போதாது. ஒரு பலகை விட்டு ஒரு பலகை உருவினார்கள். இப்போது வெளியே நின்றால் குமுதா சமைப்பது தெரிந்தது. மேலே நின்றால் சம்பான் படகில் நிற்பதுபோல் இருந்தது. அர்ஜுனன் இருமினால் கீழே பாத்திரம் பேசியது.

அப்போதுதான் சுகுமாரன் அண்ணாந்து பார்த்தார்.

"கூரை!" என்றார். "கூரையும் ஒரு தளந்தான். மறந்தே போச்சு."

கூரைக்கும் கம்பி கட்டி இழுத்தார்கள். கூரை வளைந்தது. ஃபெயில். சுகுமாரன் வருந்தினார். வருந்தியபடியே வழியும் சொன்னார். இல்லாத கூரைக்கு வகை தேவையில்லை. கூரையை எடுத்தார்கள். கூரை இல்லாமல் மேல்சுவர் நின்றால் காற்று பிடிக்கும் என்றார். மேல்சுவரையும் எடுத்தார்கள். அதெல்லாம் எடை இல்லையா என்று லோகேஸ்வரன் கேட்டான். கட்டடத்தின் எடை செத்த சுமை, உயிர்ச்சுமைக்குத்தான் இந்தக் கண்டிப்பு என்றார் சுகுமாரன்.

அர்ஜுனன் இப்போது வெட்டவெளியில், ஆள் உயரத்துக்கு மேலே, பலகை மேடை ஒன்றில் நின்றான். தோட்டத்து ஆட்கள் வேலைக்குப் போகும்போது அண்ணாந்து பார்த்துக் கையசைத்தார்கள். சிலர் வணங்கினார்கள்.

மழை வந்தது.

"சார், அவர் நனையறார்," என்றாள் குமுதா.

"நானும் அதைத்தான் யோசிக்கிறேன்," என்றார் சுகுமாரன் குடைக்குள்ளிருந்து. "நனைஞ்சா எடை கூடும். மழை நின்னதும் உடனே துடைச்சிக்கச் சொல்லுங்க."

"எதால துடைக்கிறது? துண்டை நேத்து புட்டுக்கு இறக்கிட்டாரே."

"புட்டு சாப்பிட்டிருக்கக் கூடாது," என்றார் சுகுமாரன்.

கடைசிச் சோதனைக்கு வாரியத் தலைவர் டத்தோ ரவீந்திரனே வந்தார். நாட்டிலேயே முதல் தடவையாக ஒரு மரத்தளம் விறைப்பை நெருங்கிக்கொண்டிருந்தது. வாசலில் பந்தல் போட்டார்கள். பந்தலுக்குத் தூண் வேண்டியிருந்தது. வீட்டின் பின்பக்கத் தூண் இரண்டை உருவிக்கொண்டார்கள். சோதனைக்கும் அது நல்லது என்றார் சுகுமாரன். கேசரியும் மீ கோரேங்கும் வந்தன. மணத்துக்கு எடை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. அது மேலே ஏறியது.

டத்தோ மைக்கைப் பிடித்தார்.

"அன்பான கிளார்மண்ட் மக்களே! இந்த வாரியம் அமைந்த நாளிலிருந்து ஒரு மரத்தளம்கூட ஆளோடு உடைந்ததில்லை. காரணம், நாங்கள் ஒரு தளத்திலும் ஆளை ஏறவிட்டதில்லை."

கைதட்டல்.

"முன்பெல்லாம் மக்கள் வீடு கட்டுவார்கள், உடனே உள்ளே போய் வசிப்பார்கள். எந்த அறிவியலை நம்பி? எந்த அனுமதியை நம்பி? நூறு வருஷம் நின்ற வீடு என்பார்கள். நிற்பது ஒரு தகுதியா? எருமைகூட நிற்கிறது. நின்றது என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா என்பதுதான் எங்கள் கேள்வி. வீடு என்றால் நான்கு சுவர் என்று பாமரர்கள் சொல்வார்கள். சுவர் வரும், போகும். விகிதம் நிற்க வேண்டும். வீடே விழுந்தாலும் விகிதம் விழக் கூடாது. மேலே நிற்கும் இந்த... இந்த..."

"சுமை," என்று சுகுமாரன் காதில் சொன்னார்.

"...இந்தச் சுமையை நான் பாராட்டுகிறேன். ஒரு குடிமகன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. கேள்வி கேட்கவில்லை. இடத்தை விட்டு நகரவில்லை. இப்படி எல்லாரும் இருந்துவிட்டால் எங்கள் வேலை எவ்வளவு சுலபம்!"

குமுதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "டத்தோ, வீடு ஆடுதுங்க. அவர் மேல நிக்கிறார்."

டத்தோ கனிவாகச் சிரித்தார். "ஆடுவது சுவர், அம்மா."

சுகுமாரன் லோகேஸ்வரனை அழைத்தார். இன்னும் ஒரே ஒரு பலகை. அதை உருவினால் கணக்கு நேராகிவிடும்.

"நான் உருவ மாட்டேன் சார்," என்றான் லோகேஸ்வரன். "எங்க மச்சான் மேல இருக்காரு. ஒரு பலகையா ரெண்டு பலகையான்னு விளையாடறதுக்கு இது கேரம் போர்டா?"

"உங்க விருப்பம். விகிதம் ரெண்டுக்கு மேல இருந்தா இன்னிக்கே காலி."

குமுதா தளத்தின் கீழே போய் நின்றாள். பலகை இடுக்கு வழியாக அவன் பாதம் தெரிந்தது.

"ஏங்க. இறங்கி வாங்க. வீடு போனாப் போகுது."

"எங்க போறது குமுதா?"

"தம்பி வீடு இருக்கு."

"ஆமாம் மச்சான், வாங்க. ஹால் காலியாத்தான் கிடக்கு."

"மூணு மாசம் கிடக்கும். நாலாவது மாசம் உன் பொண்டாட்டி பாத்திரத்த டொக்குன்னு வைப்பா. அதுக்கப்புறம் நீ என்னைப் பார்த்தா டிவிய சத்தமா வைப்பே."

லோகேஸ்வரன் மறுபடி செம்பனை மரங்களைப் பார்த்தான்.

"அப்பா இதுக்காக கோர்ட்டு பெஞ்சுலயே கிழவனானாரு," என்றான் அர்ஜுனன். "நான் நிக்கத்தானே சொல்றாங்க. நிக்கிறேன். பலகைய உருவு."

லோகேஸ்வரன் உருவவில்லை. குமுதாதான் உருவினாள். கையில் பலகையோடு வெளியே வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

லோரி இழுத்தது. சுவர்கள் நெல் வயல்போல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தன. தளத்தின் நடு எப்போதும்போல் கொஞ்சம் வளைந்தது. சுகுமாரன் முள்ளைப் பார்த்தார். இரண்டாவது தடவை பார்த்தார். குரல் உடைந்தது.

"விறைப்பு! டத்தோ, விறைப்பு!"

கைதட்டினார்கள். இரண்டு பேர் பட்டாசு கொளுத்தினார்கள். டத்தோ அங்கேயே கையெழுத்துப் போட்டார். கிளார்மண்ட் கிராணி வீடு மனிதர் குடியிருக்கத் தகுதியானது.

"இப்ப நீங்க இறங்கலாம்," என்றார் சுகுமாரன் மேலே பார்த்து. "நீங்க இனிமே சுமை இல்ல."

அர்ஜுனன் ஓர் அடி எடுத்து வைத்தான். வீடு அவன் பக்கமாகத் திரும்பிப் பார்ப்பதுபோல் சாய்ந்தது. காலைப் பின்னால் வைத்தான். வீடு நிமிர்ந்தது. இன்னொரு பக்கம் வைத்துப் பார்த்தான். அந்தப் பக்கமும் வந்தது.

"சார்," என்றான். "வர முடியல."

"விதி ஒண்ணும் தடுக்கலையே. தாராளமா வாங்க."

"விதி விடுது சார். வீடு விடல."

குமுதா பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஒரு தூணுக்குத் தோள் கொடுத்தாள். லோகேஸ்வரன் இன்னொன்றைப் பிடித்தான். டத்தோ இதைப் புகைப்படத்துக்கான ஏற்பாடு என்று நினைத்தார். சிரித்த முகத்தோடு வந்து மூன்றாவது தூணில் கை வைத்தார். எதிர்த் திசையில் வைத்தார்.

வீடு அவசரப்படவில்லை. பெருமூச்சு விட்டது. "தள்ளிப் போங்க!" என்று லோகேஸ்வரன் கத்தினான். அக்காவை ஒரு கையாலும் டத்தோவை இன்னொரு கையாலும் இழுத்துக்கொண்டு பாய்ந்தான். சுவர்கள் நான்கும் ஒரே திசையில் படுத்தன. தளம் அவற்றின்மேல், தாம்பாளத்தை இறக்கி வைப்பதுபோல், அர்ஜுனனோடு வந்து உட்கார்ந்தது. தூசி எழுந்தது. தூசி அடங்கியபோது அவன் குந்தியிருந்தான். ஒரு கீறல் இல்லை.

முதலில் ஓடிவந்தவர் சுகுமாரன். அர்ஜுனனைத் தாண்டிப் போய்த் தளத்தின் நடுவில் நூல் பிடித்துப் பார்த்தார்.

"மயிரிழைகூட வளையல!" என்றார். கண் கலங்கியிருந்தது.

"பார்த்தீர்களா!" என்றார் டத்தோ, சட்டையிலிருந்த தூசியைத் தட்டியபடி. "சுவர் போனது. தளம் நின்றது."

"தளம் படுத்திருக்கு டத்தோ," என்றாள் குமுதா. அவள் கணவனின் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காவலாளி மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். "வீடு போயிருச்சு. குடியிருப்பு முடிஞ்சுதா?" என்று கேட்டான். கம்பெனிக்குப் போன் போடக் கட்டைவிரல் தயாராக இருந்தது.

சுகுமாரனுக்குக் கோபம் வந்தது. அவருடைய வாழ்நாளின் முதல் விறைப்புத் தளம் அது. "யார் சொன்னது வீடு போச்சுன்னு? தளம் இருக்கு. வகை இருக்கு. கையெழுத்து இருக்கு. சட்டப்படி இது குடியிருக்கத் தகுதியான வீடு."

"அப்ப குடியிருக்காங்களா?"

எல்லோரும் அர்ஜுனனைப் பார்த்தார்கள். அவன் எழுந்து நிற்கப் பார்த்தவன், அப்படியே உட்கார்ந்துகொண்டான்.

"இருக்கோம்," என்றான்.

"ராத்திரிக்கும்?"

"ராத்திரிக்கும்."

காவலாளி போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். எதிரே போய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். ஆள் இறங்கினால் உடனே தெரியும். முன்பு சுவர் மறைத்தது. இப்போது அவனுக்கு வேலை சுலபம்.

வாரியம் கேசரியை முடித்துக்கொண்டு கிளம்பியது. பந்தலைப் பிரித்தபோது தூண் இரண்டையும் லோரியில் ஏற்றிக்கொண்டார்கள். வாரியத்தின் முதல் வெற்றிக்கு நினைவுச் சின்னமாக அலுவலக வாசலில் நடுவார்களாம்.

குமுதா இதுநாள்வரை இறங்கிய சாமான்களைத் தளத்தில் கொண்டுவந்து வைத்தாள். விசிறியைச் செருக இடம் தேடினாள். பிறகு அதைத் தலைமாட்டில் சும்மா வைத்தாள். கோலாசிலாங்கூர் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அர்ஜுனன் சம்மணம் போட்டு நடுவில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு நான்கு பக்கமும் வழி இருந்தது.

லோகேஸ்வரன் கடைக்குப் போய் மூன்று பை தேநீர் கட்டிக்கொண்டு வந்தான். தளத்தின் விளிம்பில் செருப்பைக் கழற்றினான். ஒரு காலைத் தூக்கியவன் நிறுத்தினான். இங்கும் அங்கும் பார்த்தான்.

"அக்கா, வாசல் எந்தப் பக்கம்?"

அர்ஜுனன் காவலாளி இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினான்.

லோகேஸ்வரன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான். தேநீர் சிந்தாமல் முழு வீட்டையும் சுற்றிக்கொண்டு போய், அந்தப் பக்கமாக உள்ளே வந்தான்.